துத்தங்களின் பெயரும் பொருளும்

துத்தம் என்னும் பெயர் ஒன்றேயாயினும் அப்பெயரால் வழங்கும் சரக்குகள் பல. நீல நிறமுள்ளது மயில்துத்தம், வெண்ணிறமுள்ளது பால்துத்தம். இவற்றிற்கு இனமான பச்சை நிறச் சரக்கு அன்னபேதி எனப்படும். இம்மூன்றும் கந்தகத் திராவகத்தின் உப்புகளே. அத்திராவகம் தாமிரத்துடன் கூடிய உப்பு மயில்துத்தம்; துத்தநாகத்துடன் கூடியது பால்துத்தம்; இரும்புடன் கூடியது அன்னபேதி.

நிறம்பற்றி வந்த பழைய பெயர்கள் இவ்வுண்மையைப் புலப்படுத்துவதில்லை. 1787-ம் வருஷத்தில் லவாய்சியர் முதலிய பிரெஞ்சு ரசாயன சாஸ்திரிகள், உலோகத்தையும் திராவகத்தையும் கொண்டே உப்பிற்குப் பெயரிடும் முறையை வகுத்தனர். அதன்படி இவை தாமிர சல்பேட், துத்தநாக சல்பேட், இரும்பு சல்பேட் எனப்படும்.

இவ்வேற்றுமை விவசாயிகளுக்கு அற்பமன்று. நெற்பயிரின் துத்தநாகக் குறைவை நீக்குவது பால்துத்தம். பூசண நோய்களைத் தடுக்கும் போர்டோ கலவைக்கு வேண்டுவதோ மயில்துத்தமே. சரக்கு மாறினால் பணம் வீணாவதுடன் நோயும் பரவும்.

நூற்றுக்கு ஒரு பங்குக் கலவை 100 லிட்டர் தயாரிக்க 1 கிலோ மயில்துத்தமும், 1 கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பும் போதும். இரண்டையும் தனித்தனியே நீரில் கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். துத்தநீருக்கு இரும்புப் பாத்திரம் ஆகாது. மண் அல்லது மரப் பாத்திரமே ஏற்றது. பின்னர்த் தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுக்க வேண்டும். அதில் செந்நிறத் தாமிரம் படிந்திருந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். இன்றேல் இலைகள் கருகும்.

ஆகவே, கடையில் துத்தம் என்று மட்டும் கேளாமல், பையின்மேல் உலோகத்தின் பெயரைப் படித்தறிந்து வாங்குதல் நலம்.