பால் மறந்த குட்டிகளின் முதல் இரண்டு கிழமைகள்

இடம்பெயர்ந்து வந்த காணியில் மாட்டுக்குப் புல்தரை கிடையாது. நாலு தடியும் கொஞ்சக் கிடுகும் இருந்தால் போதுமென்று பன்றி வளர்க்கத் தொடங்கிய குடும்பங்கள் பல. ஒரு ஈற்றில் பத்துக் குட்டி தேறினால் வீட்டுக் கடனில் பெரும்பகுதி தீரும். ஆனால் அந்தப் பத்தில் நாலைந்து, பால் மறக்கப்பண்ணிய உடனேயே கழிந்து செத்துப்போவதும் உண்டு. யாரோ கண்ணூறு பட்டதாகச் சொல்வார்கள். காரணம் குடலில் இருக்கிறது.

தாய்ப்பால் உணவு மட்டுமல்ல. நோய்க்கிருமிகள் குடலில் ஒட்டாமல் தடுப்பதும் அதுதான். பால் நின்றதும் அந்தக் காவல் போய்விடுகிறது. அதே நாளில் தவிடும் புண்ணாக்கும் வயிறு நிறையக் கொடுத்தால், சமிக்காத தீனி குடலில் புளித்து, கிருமிகள் பெருகி, கழிச்சல் வருகிறது. எனவே குட்டிகளுக்கு இரண்டு கிழமை வயதிலேயே தாய் எட்டாத ஒரு மூலையில் சிறிது தீனி வைத்துப் பழக்க வேண்டும். நமது தீனியை வைத்து வளர்ப்பவர்கள் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமைக்கு முன் பால் மறக்கப்பண்ண அவசரப்பட வேண்டாம். பிரிக்கும் நாளில் தாயை வெளியே கொண்டுபோங்கள். குட்டிகள் பழகிய கொட்டிலிலேயே இருக்கட்டும். ஒரு கிழமைக்குத் தீனியை மாற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு நாலைந்து தடவை கொடுங்கள். இரவில் காற்று அடிக்காமல் சாக்குக் கட்டி, வைக்கோல் பரப்புங்கள்.

தேங்காய்ப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் மாத்திரம் குட்டியை வளர்க்கமாட்டா. அவற்றின் புரதத்தில் குறையுண்டு. கருவாட்டுத்தூள், அவித்த சோயா ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்தால் அக்குறை நிரம்பும். கருவாட்டை ஊறவைத்து உப்பை நீக்காமல் கொடுப்பது ஆபத்து. உப்புக் கூடித் தண்ணீரும் குறைந்தால் குட்டிகள் வலிப்பு வந்து விழும். மரவள்ளியின் கிழங்கையும் இலையையும் பச்சையாகப் போடக்கூடாது. அவித்தே கொடுக்க வேண்டும். தொட்டியில் எந்நேரமும் நல்ல தண்ணீர் இருக்கட்டும்.

இரும்புச்சத்தின் கதை பிறந்த உடனேயே தொடங்கிவிடுகிறது. குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் தேவை; பாலில் கிடைப்பதோ 1 மில்லிகிராம் அளவு. மூன்றாம் நாளளவில் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி போடுவது இதற்காகத்தான். அது தவறிய குட்டி வெளிறி, மூச்சு வாங்கி, பால் மறக்கும் காலத்தில் முதலில் விழும். பழைய ஆட்கள் கொட்டிலுக்குள் செம்மண் கட்டி போடுவார்கள். அதில் அர்த்தமுண்டு. ஆனால் பன்றி மேயாத இடத்து மண்ணாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி முட்டைகளும் சேர்ந்து வரும். கழிச்சல் கண்டால் தீனியைக் குறைத்து, ஜீவனி கரைத்த தண்ணீரை வைத்துவிட்டு, கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள்.

பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியைப் பால் பிரித்த நாளிலேயே போட வேண்டாம். குட்டி தீனியில் நிலைத்த பின் போடுவதே நல்லது. தாய்க்கு ஊசி போட்டிருந்தால், அது கொடுத்த எதிர்ப்புச் சக்தி சில கிழமைகள் குட்டியில் இருக்கும். அதற்குள் போடும் ஊசி சரியாகப் பிடிக்காது. ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை வயது பொதுவாகப் பொருந்தும். சரியான நாளை வைத்தியர் சொல்வார். குட்டியை வெளியில் வாங்கினால் என்ன ஊசி, எந்தத் திகதியில் போட்டது என்று கேட்டு எழுதி வையுங்கள். மருந்து 2 தொடக்கம் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். கரைத்தபின் சில மணித்தியாலங்களுக்குள் முடிக்க வேண்டும். ஒரு குப்பியில் பல குட்டிகளுக்குரிய மருந்து இருப்பதால், அயலில் வளர்ப்பவர்கள் நாள் பேசி ஒன்றாகப் போட்டுக்கொண்டால் மருந்து வீண்போகாது, செலவும் குறையும். காய்ச்சலில் கிடக்கும் குட்டிக்கு அன்று ஊசி வேண்டாம்.

இந்த ஊசி ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலைத் தடுக்காது. அது வேறு வைரசு. இலங்கையில் 2024 இல் அது உறுதிசெய்யப்பட்டது. மனிதருக்குத் தொற்றாது, பன்றிகளையோ கூட்டமாக அழிக்கும். கடைகளில் எடுக்கும் மிச்சச் சாப்பாட்டில் பன்றி இறைச்சித் துண்டு இருந்தாலே போதும். முடிந்தவரை அதைத் தவிருங்கள். வேறு வழியில்லாவிட்டால் அரைமணி நேரமாவது கொதிக்க வைத்து, கிளறி, ஆறவிட்டுப் போடுங்கள். செத்த பன்றியை வெட்டி விற்பதும் ஆற்றில் எறிவதும் அயலவரின் கொட்டில்களையும் காலியாக்கிவிடும். ஆழமாகப் புதைத்து, அன்றே கால்நடை வைத்தியப் பணிமனைக்குச் சொல்லுங்கள்.