அடிகளார் காட்டிய அழைத்தல்

நான் யார், எதற்காகப் படிக்கிறேன்? ரந்தாவ் தோட்டத்தில் தமிழில் செபித்து, தமிழ்ப்பள்ளியில் படித்தவரை இக்கேள்வி எனக்கு எழவில்லை. இடைநிலைப்பள்ளியில்தான், "சூசை, மரியா என்று பெயர் வைக்கும் நீங்கள் தமிழரா?" என்றார்கள். கேட்டவர்களில் தமிழர்களும் உண்டு!

விசுவாசமும் மொழியும் பகையல்ல என்பதற்குத் தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கையே சாட்சி. 1913இல் யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்த அவர், 1938இல் உரோமையில் குருப்பட்டம் பெற்றார். தமிழை ஆழ்ந்து கற்றது அதற்குப் பிறகுதான். வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்துகொண்டே கற்றார். பின்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவரானார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதற்கு அவரே முன்னின்றார்.

கடவுள் ஒருவரிடம் ஒப்படைக்கும் பணியைக் கிறிஸ்தவர்கள் 'அழைத்தல்' என்போம். குருவானவரின் அழைத்தல் பீடத்தோடு முடிந்துவிடும் என்பது பலரின் எண்ணம். அடிகளாரோ அங்கியைக் கழற்றிவிட்டுத் தமிழுக்கு வரவில்லை. சங்க இலக்கியத்தை ஆராய்ந்தவரும் அதே குருவானவர்தாம்.

பட்டம் முடிந்ததும் என்ன வேலை என்று இப்போது வீட்டில் பேச்சு. வங்கி வேலை என்கிறார் அம்மா. செபித்துவிட்டு, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.