குருதிப் புற்றுநோயும் குழந்தைகளின் உயிர்க்காவலும்

புற்றுநோய் முதியோரையே பற்றுவது என்பது பலரின் எண்ணம். குழந்தைகளையும் அது விடுவதில்லை. குழந்தைப் பருவத்துப் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இலியூக்கீமியா எனப்படும் குருதிப் புற்றுநோய். 1940ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரையில், கடுமையான இந்நோய் வாய்ப்பட்ட குழந்தை சில வாரங்களிலோ சில திங்களிலோ இறந்துபடுவது உறுதி. இன்றோ, வசதி மிக்க நாடுகளில், இந்நோயின் மிகப் பரந்த வகையாகிய நிணநீர்க்கல வகைக்கு ஆளான குழந்தைகளுள் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பதுபேர் பிழைக்கின்றனர். இம்மாற்றத்திற்குக் காரணம் யாதெனின், புற்றைக் கொல்லும் மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்டமையே என்பர். அது பாதி உண்மையே. மருந்து தன் தொழிலைச் செய்து முடிக்கும்வரை குழந்தை உயிரோடிருத்தல் வேண்டும். அதற்கு வழிகண்ட ஆராய்ச்சியே மற்றைப் பாதி. அதனை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருதியின் பிறப்பிடம் எலும்பின் உள்ளேயுள்ள மச்சை. செங்குருதிக் கலங்கள், வெண்குருதிக் கலங்கள், குருதிச் சிறுதட்டுக்கள் என்னும் மூன்றும் அங்கேயே உண்டாகின்றன. முதலாவது ஒட்சிசனைச் சுமக்கும். இரண்டாவது நோய்க்கிருமிகளோடு பொரும். மூன்றாவது குழாய்களில் உண்டாகும் சிறு கீறல்களை அடைத்துக் குருதி கசியாமற் காக்கும். இவற்றின் வாழ்நாள் ஒரு தன்மைத்தன்று. செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாள் வாழும். சிறுதட்டுப் பத்து நாள் வரை வாழும். பற்றீரியாவை விழுங்கி அழிக்கும் வெண்குருதிக் கலமோ குருதியில் ஒரு நாளளவே தங்கும். எனவே, மச்சையின் தொழில் தடைப்படின் முதலிற் குறைவன பின்னைய இரண்டுமாம்.

குருதிப் புற்றுநோயில், முதிராத வெண்குருதிக் கலங்கள் கட்டின்றிப் பெருகி மச்சையை நிறைத்துவிடுகின்றன. அவை எண்ணிற் பலவாயினும் கிருமிகளோடு பொரும் ஆற்றல் அற்றவை. நல்ல கலங்கள் பிறக்க இடமில்லை. ஆதலாற் குழந்தை வெளிறுகின்றது, தோலில் நீலத் தழும்புகள் தோன்றுகின்றன, காய்ச்சல் காய்கின்றது. குழந்தையின் உயிரை வாங்குவன பெரும்பாலும் குருதிப்பெருக்கும் கிருமித்தொற்றுமே. இதனினும் கொடியது ஒன்றுண்டு. புற்றைக் கொல்லும் மருந்துகள், விரைந்து பிரியும் கலங்கள் எல்லாவற்றையும் தாக்குவன. நோயாற் பாதி வறண்ட மச்சையை அவை முற்றும் வறளச் செய்கின்றன. நோயைத் தீர்க்க வந்த மருந்தே குருதிப்பெருக்கிற்கும் தொற்றுக்கும் வாயில் திறந்துவிடுகின்றது.

அம்மருந்துகளின் வரலாறு ஓரளவு நம் அயலிலேயே தொடங்குகின்றது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்தியப் பெண்மணி பம்பாயிற் கருவுற்ற ஏழைப் பெண்களைப் பீடித்த குருதிச்சோகையை ஆராய்ந்து, மாமைற் என்னும் மதுவச் சாறு அதனைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த பொருள் போலிக்கமிலம் என்னும் விற்றமின் எனப் பின்னர் அறியப்பட்டது. பழைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895இற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் லெடர்லி ஆய்வுகூடத்தில் நடத்திய ஆராய்ச்சிக் குழு, போலிக்கமிலத்தையும் அதன் தொழிலைத் தடுக்கும் போலிப் பொருள்களையும் ஆக்கித் தந்தது. பொஸ்டன் நகரத்துச் சிட்னி பாபர், போலிக்கமில வகைகள் குருதிப் புற்றை விரைவுபடுத்துவது போலத் தோன்றக் கண்டு, அதன் பகைப்பொருள் நோயைத் தணிக்கலாம் எனக் கருதினார். அமினோப்ரெரின் என்னும் அப்பொருளைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகளுள் பதின்மர் நலமடைந்தமை கூறப்பட்டது. அந்நலம் நிலைக்கவில்லை, சில திங்களில் நோய் மீண்டது. நிலையான நலம் வேண்டின் பல மருந்துகளைச் சேர்த்து, வன்மையாகவும் நெடுநாளும் கொடுத்தல் வேண்டும். அதனைத் தாங்கக் குழந்தையின் உடல் இடங்கொடுக்கவில்லை.

1955இல் எமில் பிரைரைக் என்னும் இளம் வைத்தியர் பெதெஸ்டாவிலுள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்திற் சேர்ந்தபோது, குழந்தைகளின் விடுதி குருதிக் கறை படிந்த இடமாக இருந்தது. இக்குருதிப்பெருக்கிற்குக் காரணம் சிறுதட்டுக்களின் குறைவன்று, குருதியிற் கலந்திருக்கும் ஏதோவொரு தடைப்பொருளே என்று கருதியோர் அக்காலத்துப் பலர். பிரைரைக் நோயுற்ற குழந்தையின் குருதியோடு நலமுள்ளவரின் சிறுதட்டுக்களைச் சேர்த்து நோக்கினார்; குறை நீங்கியது. தடைப்பொருள் இருந்திருப்பின் அது நீங்கியிராது. அக்காலத்திற் குழந்தைகளுக்கு ஏற்றப்பட்டது குளிரில் நாட்கணக்காகச் சேமித்த குருதி. அதிலுள்ள சிறுதட்டுக்கள் பயனிழந்தவை. புதிய குருதியிலிருந்து பிரித்த சிறுதட்டுக்களை ஏற்றியபோது குருதிப்பெருக்கு நின்றது.

இதனோடு அமையாது, அவரும் உடனுழைத்தோரும் நாள்தோறும் சிறுதட்டுக்களை எண்ணி, எந்த எண்ணிக்கையில் எத்துணைக் குருதிப்பெருக்கு நிகழ்கின்றது எனக் கணக்கிட்டனர். நலமுள்ளவரின் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் 1,50,000இற்குக் குறையாத சிறுதட்டுக்கள் இருக்கும். அது 20,000இற்கு மேல் இருக்கும்வரை பெருங் குருதிப்பெருக்கு அரிது என 1962இல் வெளிவந்த அவர்களது கட்டுரை காட்டிற்று. பிற்கால ஆராய்ச்சிகளின் பயனாக, வேறு இடரில்லாத நோயாளருக்கு 10,000 வரை காத்திருக்கலாம் என்பது இன்று பரவலாகக் கொள்ளப்படும் முறை.

குருதிப்பெருக்கு அடங்கத் தொடங்கியதும் தொற்று முன்னணிக்கு வந்தது. இதற்கும் பிரைரைக் குழுவினர் எண்ணிக்கையையே துணைக்கொண்டனர். ஜெரல்ட் போடி முதலியோர் 52 நோயாளரை ஆராய்ந்து 1966இல் வெளியிட்ட முடிபு இது: பற்றீரியாவை விழுங்கும் வெண்குருதிக் கலங்கள் ஒரு கன மில்லிமீற்றரில் 1,000இற்குக் குறையுந்தோறும் தொற்று மிகும், 100இற்குக் கீழே போயின் இடர் மிகக் கொடிது, அக்குறைவு நீடிக்கும் நாட்களுக்கேற்ப அது மேலும் பெருகும்.

இத்தொற்றின் இயல்பு பிற தொற்றுக்களின் இயல்பன்று. புண் வீங்கிச் சீழ் வைப்பதும் நுரையீரலிற் சளி கட்டுவதும் வெண்குருதிக் கலங்கள் திரண்டு பொருவதன் விளைவு. அக்கலங்கள் இல்லாதவிடத்துச் சீழுமில்லை, வீக்கமுமில்லை. வெளித்தோற்றத்தில் அமைதியாயிருக்கும் குழந்தையின் குருதியிற் கிருமிகள் பல்கிக்கொண்டிருக்கும். எஞ்சி நிற்கும் அறிகுறி பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றே. கிருமிகளும் பல வேளை புறத்திலிருந்து வருவன அல்ல. குழந்தையின் குடலிலும் வாயிலும் தோலிலும் முன்னரே குடியிருப்பன. மருந்தினாற் புண்பட்ட குடற்சவ்வு வழியாக அவை குருதியிற் புகும். அவற்றுள் சூடோமோனாஸ் என்னும் பற்றீரியா புகின், இரண்டொரு நாளில் உயிர் போதல் அக்காலத்து வழக்கம்.

காய்ச்சல் கண்டவிடத்துக் குருதியை எடுத்துக் கிருமியை வளர்த்து, அது இன்னதென்று அறிந்த பின்னரே மருந்து கொடுத்தல் வைத்தியத்தின் நல்லொழுக்கமாகக் கருதப்பட்டது. கிருமி வளர்ந்து பெயர் தெரிவதற்குள் நோயாளி இறந்துவிடுவார். 1971இல் பால்ற்றிமோர் நகரத்து ஸ்ரீபன் சிம்ப் முதலியோர் இவ்வொழுங்கை மாற்றினர். வெண்குருதிக் கலம் குறைந்தவருக்குக் காய்ச்சல் கண்டவுடன், கிருமியின் பெயர் தெரியுமுன்னரே, கார்பெனிசிலின், ஜென்ராமைசின் என்னும் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம் எனக் காட்டினர். மருந்து தொடங்கிய பின்னரும் காய்ச்சல் நீடிப்பின், பங்கசுத் தொற்றையும் ஐயுற்று அதற்குரிய மருந்தைச் சேர்த்தல் நன்று என்பதை 1982இல் பிலிப் பிற்சோ குழுவினரின் ஆராய்ச்சி உணர்த்திற்று. இன்று, இத்தகைய குழந்தை வைத்தியசாலையை அடைந்த ஒரு மணி நேரத்துள் முதல் மருந்து ஏற்றப்படுதல் வேண்டும் என்பது பல நாடுகளின் குறிக்கோள்.

மருந்தால் நோய் தணிந்து, மச்சையிற் புற்றுக் கலம் காணப்படாத நிலையிலும் சில குழந்தைகள் இறந்தமை வைத்தியரை வருத்திற்று. நியூமோசிஸ்ரிஸ் என்னும் நுண்ணுயிர் நுரையீரலைப் பற்றியமையே காரணம். நலமுள்ளவருக்கு அது தீங்கு செய்வதில்லை. மெம்பிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட சென் ஜூட் குழந்தைகள் வைத்தியசாலையில், வால்ற்றர் ஹியூஸ் குழுவினர் 160 குழந்தைகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குக் கோ-றைமொக்சசோலும் மற்றைய கூறுக்கு வெற்று மருந்தும் கொடுத்தனர். வெற்று மருந்துண்ட 80 பேருள் 17 பேருக்கு அந்நோய் கண்டது. மருந்துண்ட 80 பேருள் ஒருவருக்கேனும் காணவில்லை. இம்முடிபு 1977இல் வெளிவந்தது. இவ்வுயிர் பங்கசு இனத்தது என்று 1988இலேயே தெளிவாயிற்று. அதன் இனம் தெரியுமுன்னரே தடுப்பு வழி தெரிந்துவிட்டது.

இவ்வாறு குருதிப்பெருக்கையும் தொற்றையும் ஓரளவு அடக்கியமையாலேயே, நான்கு மருந்துகளையும் அதற்கு மேற்பட்டனவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் துணிவு வைத்தியர்க்கு வந்தது. இன்றுள்ள பெருங்குறை அறிவின் குறையன்று, பங்கீட்டின் குறை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, செல்வ நாடுகளிற் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைய, வறிய நாடுகள் பலவற்றில் 30 பேருக்கும் குறைவானவரே குணமடைகின்றனர். 2030ஆம் ஆண்டிற்குள் நூற்றுக்கு 60 பேரையேனும் பிழைக்கச் செய்தல் அந்நிறுவனம் 2018இல் வகுத்த இலக்கு. புற்றுக்கு மருந்து கிடைத்தும், காய்ச்சலோடு வரும் குழந்தைக்கு இரவிற் குருதியை எண்ணுவாரும் உடனே மருந்து ஏற்றுவாரும் இல்லாத இடத்தில் அம்மருந்தே கூற்றாகின்றது.

காய்ச்சலை அளக்கும் வெப்பமானியும், நோயாளியைத் தொடுமுன் கழுவிய கையும், தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் பெற்றோரும் இவ்விடத்துப் பெருமருந்துகள். இன்னொன்று பொதுமக்கள் கையிலுள்ளது. தானமாகப் பெற்ற சிறுதட்டுக்கள் அறையின் வெப்பநிலையில் ஐந்து முதல் ஏழு நாளே பயன்படும். ஆதலின் ஒருமுறை பெருந்திரளாகக் குருதி கொடுத்துப் பின்னர் மறந்துவிடுவதால் இக்குழந்தைகளின் தேவை நிறைவதில்லை. ஆண்டு முழுவதும், வாரந்தோறும், யாரேனும் ஒருவர் கை நீட்டுதல் வேண்டும்.