தலைக்கணக்கும் சாலையும்

ஒரு குக்கிராமத்துக்குச் சாலை வருமா என்பதைப் பெரும்பாலும் அதன் தலைக்கணக்கே தீர்மானிக்கிறது. 2000 டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், 2001 மக்கள்தொகைக் கணக்குப்படி சமவெளியில் 500 பேரும், மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேரும் வாழும் குடியிருப்புகளை அளவுகோலாக வைத்தது. பணம் அளவானது, அதிகம் பேர் வாழும் இடத்துக்கு முதலில் போகட்டும் என்பது நியாயமான வாதம்தான். வரிசைக்கு அது சரி. வாசலை அடைப்பதற்குச் சரியல்ல. சாலையில்லாத ஊரிலிருந்துதான் படிப்புக்கும் பிழைப்புக்கும் குடும்பங்கள் வெளியேறுகின்றன. அடுத்த கணக்கெடுப்பில் ஊர் இன்னும் சிறுக்கிறது. புறக்கணிப்பு உண்டாக்கிய குறைவையே காரணமாகக் காட்டுவது எப்படி முறையாகும்? 500 மீட்டருக்குள் அமைந்த குடியிருப்புகளை, மலையில் ஒன்றரை கிலோமீட்டர் நடைதூரம் வரை, சேர்த்து எண்ண அதே திட்டம் இடம் தந்தது. நல்ல விதி. ஆனால் தனித்து நிற்கும் நாற்பது வீடுகளை எதனோடு சேர்ப்பது?

சாலை வந்த பிறகும் பேருந்து வர வேண்டுமே! வசூல் போதாது என்பார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றாலும் நேரம் தவறாமல் வந்தால் பள்ளிப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அதை நம்பிப் புறப்படுவார்கள். பயணிகள் சேர்வது அந்த நம்பிக்கைக்குப் பிறகுதான்.