இருகாலியும் அதன் மூன்றாம் காலும்

மூன்று கால்களை உடையது முக்காலி. நான்கு கால்களை உடையது நாற்காலி. எண்ணுப்பெயர் குறுகியும் திரிந்தும் ‘கால்’ என்பதோடு புணர, இகர விகுதி உடைமைப் பொருளைத் தருகிறது. இதே வாய்பாட்டில், நெடுந்தொலைவு இலக்குச் சுடுதலில் துப்பாக்கியின் முன்பகுதியைத் தாங்கும் ‘பைபாட்’ என்னும் கருவியை ‘இருகாலி’ எனலாம். ‘கவைக்கோல்’ என்னும் பழஞ்சொல்லைப் பரிந்துரைப்போரும் உண்டாகலாம். ஆனால் அது, பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுப் படைவீரர் தம் கனத்த துப்பாக்கியை ஏற்றி வைத்த ஒற்றைக் கவட்டைக் கம்புக்கே பொருந்தும்.

புலாவ் என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தீவு என்பது பொருள். நம் புலாவ் செபாங்கைச் சுற்றிக் கடல் இல்லை. ஊர்ப்பெயருக்கு அவ்வுரிமை உண்டு. கலைச்சொல்லுக்கு இல்லை. ஆகவே, இருகாலி உண்மையில் இரண்டு கால்களால்தான் நிற்கிறதா என்று பார்ப்போம்.

பால்மரத் தோட்டங்களில் மிதிவண்டியைச் சாய்த்து நிறுத்தும் ஒற்றைக்கால் ஸ்டாண்டை அறியாதார் இலர். ஒரு காலால் வண்டி நிற்பதுபோல் தோன்றும்; இரு சக்கரங்களும் சேர்ந்தே மூன்று புள்ளிகள் ஆகின்றன. இருகாலியின் கதையும் அதுவே. முன்னே இரண்டு கால்கள். பின்னே துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தாங்கும் மணற்பை மூன்றாம் கால். விலையுயர்ந்த இருகாலியை வாங்கிவிட்டு மணற்பையைப் பொருட்படுத்தாதவர், நாற்காலிக்கு மூன்று கால் மட்டும் செய்தவரைப் போன்றவர்.

‘எஃப் வகுப்பு’ என்னும் போட்டி முறை கனடாவின் ஜார்ஜ் ஃபார்குவார்சன் என்பவரால் தோன்றியது. அவர் பெயரின் முதலெழுத்தே அதன் பெயர். அதன் ஒரு பிரிவான எஃப்-டி.ஆரில் .223, .308 ஆகிய இருவகைத் தோட்டாக்களே ஏற்கப்படும். இருகாலி உட்படத் துப்பாக்கியின் மொத்த எடை 8.25 கிலோவைத் தாண்டலாகாது. இருகாலியில் கூடும் ஒவ்வொரு கிராமும் குழலிலோ கட்டையிலோ குறைய வேண்டும் என்பதால், கனமானதே உறுதியானது என்னும் எண்ணம் இங்கே செல்லாது. உறுதியைக் கால்களின் அகலத்தில் தேட வேண்டும்.

அகலம் ஏன் வேண்டும்? பாகையில் அறுபதில் ஒரு பங்கைக் ‘கலை’ என்பது இலங்கைக் கணித நூல்களின் வழக்கு. நம் பள்ளிகளிலும் அது வழங்கத் தக்கது. ஒரு கலை 1000 மீட்டரில் ஏறத்தாழ 29 சென்டிமீட்டர். எஃப் வகுப்பு இலக்கின் மிக உள்வட்டமோ அரைக் கலையளவே. .308 குண்டு 900 மீட்டரைக் கடக்கையில் குழல் நோக்கிய கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 மீட்டர் தாழ்கிறது. அதை ஈடுசெய்யத் துப்பாக்கியை உயர்த்திக் குறி வைக்கிறோம். அப்போது துப்பாக்கி ஒரு பாகை பக்கவாட்டில் சாய்ந்திருந்தால், குண்டு அப்பக்கமாக ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் விலகும். உள்வட்டத்தின் முழு அகலத்தையும் விட இது மிகுதி. கால்கள் நெருங்கியிருந்தால் மூச்சின் அசைவே இச்சாய்வைத் தந்துவிடும். அகன்று தாழ்ந்து நிற்கும் கால்களும், சாய்வைத் திருத்தி இறுக்கும் திருகும் உள்ளதைத் தேர்க.

அடுத்தது பாதம். விசையை அழுத்தியபின் குண்டு குழலைவிட்டு வெளியேறச் சில மில்லி நொடிகள் ஆகும். அதற்குள்ளாகவே துப்பாக்கி பின்னுதைக்கத் தொடங்கிவிடுகிறது. கூர்ப்பாதமோ ரப்பர்ப் பாதமோ கடினத் தரையில் பற்றினால் துப்பாக்கி துள்ளும். ஒருமுறை துள்ளியபடி மறுமுறை துள்ளாது. பனிச்சறுக்குப் பலகைபோல் வளைந்த நீள்பாதம் நேர்பின்னே வழுகி, முன்தள்ளியதும் பழைய இடத்துக்கே திரும்பும். மென்னிலத்திலும் அது புதையாது. சேற்றில் மிதிவண்டி ஸ்டாண்டின்கீழ்த் தகரத்துண்டு வைப்பது இதே அறிவுதான். ஹாரிஸ் போன்ற மடிப்புக்கால் வகைகள் வேட்டைக்கென எழுந்தவை. விரைவும் கையடக்கமும் அவற்றின் சிறப்பு. இலக்குச் சுடுதலுக்கென நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் உருவான ‘செப் ஜாய்-பாட்’ பின்னோக்கி நீளும் ஒரு கோலைக் கொண்டது. அக்கோலை அசைத்தால் முனை மேலும் கீழும், இடமும் வலமும் நுண்ணிதாய் நகரும். ‘தாங்கி’ என்று மட்டும் பெயரிட்டால் இந்த நகர்வும் வழுகலும் பெயரில் இடம் பெறா. தாங்குதல் அதன் பாதித் தொழிலே.

மாணவர் ஒன்றைக் கலந்துவிடலாகாது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கருவுற்றிருந்த நிலையில் போட்டியிட்ட நம் நூர் சுர்யானி நின்றபடியே 10 மீட்டர் காற்றுத்துப்பாக்கி சுட்டவர். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் இருகாலிக்கு இடமே இல்லை. மேலும், இந்நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். எனவே இக்கருவியை உரிமம் பெற்ற சுடுகளத்தில், பயிற்றுநர் முன்னிலையில்தான் காண இயலும்.

அங்கே காண வாய்ப்போர்க்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒருமுறை சுட்டபின் கண்ணை எடுக்காது தொலைநோக்கி வழியே பார்க்கச் சொல்லுங்கள். இலக்கு பார்வைக்குள்ளேயே நின்று, துப்பாக்கியை மெல்ல முன்தள்ளியதும் குறியின் நடுவுக்கு வந்தால் அந்த இருகாலி அவருக்குப் பொருந்துவது. பக்கவாட்டில் ஓடியிருந்தால், புதியது வாங்குமுன் மணற்பையைச் சற்று நகர்த்திப் பார்க்கட்டும்.