மாணவர் பிழையும் ஆசிரியர் பிழையும்

ஆண்டுதோறும் இம்மலருக்குத் திருப்பணி விவரங்களோ திருவிழாக் குறிப்புகளோ எழுதித் தருவது என் வழக்கம். இவ்வாண்டு மலர்க் குழுவினர் வேறொன்றைக் கேட்டார்கள். நமது ஆலய மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் பிரத்தியேக வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுக்கும் இளைஞர்கள் சிலர், ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டு, "ஐயா, பாடம் நடத்தும்போது எங்களுக்கு அடிக்கடி தவறு நேர்ந்துவிடுகிறது. உங்களுக்கும் அப்படி நேர்ந்ததுண்டா?" என்று கேட்டதுதான் அதற்குக் காரணம். அன்று நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். மலர்க் குழுச் செயலாளர் அருகில் நின்றிருந்தார், அவர் விடவில்லை. "அதையே எழுதிக் கொடுங்கள்" என்றார்.

1984 முதல் 2021 வரை 37 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியராக இருந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியரைக் கூட்டங்களில் அறிமுகப்படுத்தும்போது, அவரிடம் படித்து டாக்டரானவர்கள், வழக்கறிஞரானவர்கள் என்று ஒரு பட்டியல் வாசிப்பார்கள். மற்றொரு பட்டியலும் உண்டு. அதை ஆசிரியர் ஒருவரே அறிவார்.

முதலில் சிறிய பிழையைச் சொல்லிவிடுகிறேன். தென் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில்தான் என் முதல் பணி. 1985ஆம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்தினேன். "வாழைப்பழம்" என்று சொன்னேன். வகுப்பில் 31 பிள்ளைகள். ஏறக்குறைய எல்லாரும் "வாளைப்பளம்" என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாளை என்பது மீனல்லவா, மீனில் ஏது பழம் என்று கேட்டு அனைவரையும் எழுந்து நிற்க வைத்தேன். மீண்டும் ஒரு முறை அந்தச் சொல்லை உரக்கச் சொன்னேன். மீண்டும் அதே பிழை.

வராந்தாவில் நடந்துகொண்டிருந்த தலைமையாசிரியர் சன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளைகள் எதிரில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓய்வு நேரத்தில் கூப்பிட்டு, "தம்பி, பிள்ளைகள் நீங்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள்" என்றார்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். என் வீட்டில், என் லயத்தில் யாரும் ழகரத்தைத் தனியாக ஒலித்துக் கேட்டதில்லை. பயிற்சிக் கல்லூரியில் அதன் இலக்கணத்தை எழுதித் தேர்ச்சி பெற்றேனே தவிர, என் நாக்குத் தேர்ச்சி பெறவில்லை. ளகரத்திற்கு நுனி நாக்கு வளைந்து மேல் அண்ணத்தைத் தொட வேண்டும். ழகரத்திற்கு வளைந்து மேலே சென்றாலும் தொடக் கூடாது. அந்த ஒரு நூலிழை இடைவெளிக்காக இரண்டு மாதம் கண்ணாடி முன் நின்று பழகினேன். பிறகு வகுப்பில், "சென்ற முறை ஐயா தவறாகச் சொல்லிவிட்டேன், இப்போது சரியாகச் சொல்கிறேன்" என்றேன். பிள்ளைகள் என்னை மதிக்காமல் போய்விடுவார்களோ என்ற அச்சம் இருந்தது. அவர்களோ என்னோடு சேர்ந்து நாக்கை மடித்துப் பார்த்து மகிழ்ந்தார்கள். ஒருவனுக்கு என்னைவிடச் சீக்கிரமே ழகரம் வந்துவிட்டது.

இது சிரித்துச் சொல்லக் கூடியது. அடுத்தது அப்படிப்பட்டதன்று.

அதே பள்ளியில் 1987ஆம் ஆண்டு மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். தாய் பால்மரத் தொழிலாளி. பிள்ளை அமைதியானவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கழித்தல் கணக்கு மட்டும் வராது. வராது என்று நான் நினைத்தேன். 10 கணக்குக் கொடுத்தால் நான்கு சரியாக இருக்கும், ஆறு தவறாக இருக்கும். "கவனம் இல்லை" என்று சிவப்பு மையில் எழுதுவேன். ஒரு நாள் ஓய்வு நேரத்தில் வெளியே விடாமல் 20 கணக்குகளைக் கொடுத்துச் செய்யச் சொன்னேன். அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு 20 கணக்குகளையும் செய்தாள். பெரும்பாலானவை தவறு.

அவளுடைய தாயார் ஒரு முறை அறிக்கை அட்டையில் கையொப்பமிட வந்தார். நான் சொன்னேன்: "அம்மா, உங்கள் மகளுக்குக் கணக்கு வராது." அவர் தலையாட்டினார். "நம்ம பிள்ளைக்கெல்லாம் கணக்கு எங்க சார் வரப்போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னை மறுத்துப் பேசியிருந்தால் ஒருவேளை நான் யோசித்திருப்பேன். ஆசிரியர் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போய்விட்டார்.

பிறகு 1990இல் எனக்கு வேறு பள்ளிக்கு மாற்றலாகியது. அந்தப் பிள்ளையை மறந்தும் போனேன். 1996இல் பணியிடைப் பயிற்சி ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு மாணவனின் விடைகள் என்று சொல்லி மூன்று கணக்குகளை எழுதினார். 64இலிருந்து 27 போனால் 43. 81இலிருந்து 36 போனால் 55. 52இலிருந்து 28 போனால் 36. "இந்த மாணவனிடம் 73இலிருந்து 45ஐக் கழிக்கச் சொன்னால் என்ன விடை எழுதுவான்?" என்று கேட்டார். சற்று நேரத்தில் பலரும் கண்டுபிடித்துவிட்டோம். 32 என்று எழுதுவான். மூன்றிலிருந்து ஐந்து போகாது என்பதால், ஐந்திலிருந்து மூன்றைக் கழித்துவிடுவான். மேலே எது, கீழே எது என்று பாராமல் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கிறான்.

"இவன் கவனமில்லாத பிள்ளையா?" என்று கேட்டார் விரிவுரையாளர். "ஒரு விதியை ஒரு முறைகூடத் தவறாமல் பின்பற்றுகிறான். அந்த விதியை இவனுக்கு யார் சொன்னது? கழித்தல் என்றால் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணை எடுப்பது என்று முதலாம் ஆண்டில் சொல்லிக் கொடுத்தவர்கள் கை தூக்குங்கள்."

ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையும்தான். அந்தப் பிள்ளைக்கு முதலாம் ஆண்டில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நானே. கடன் வாங்கத் தேவையில்லாத நான்கு கணக்குகள் சரி, கடன் வாங்க வேண்டிய ஆறு கணக்குகள் தவறு. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நோட்டுப் புத்தகம் என் கண் முன் வந்து நின்றது. ஓய்வு நேரத்தில் நான் செய்யச் சொன்ன 20 கணக்குகள் அவளைத் திருத்தவில்லை. தவறான முறையை 20 தடவை உறுதிப்படுத்தின.

இது நான் கண்டுபிடித்த புதுமையன்று. அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் 1978ஆம் ஆண்டிலேயே இதை எழுதியிருக்கிறார்கள். மாணவர்களின் கணக்குப் பிழைகளில் பல, கண்டபடி வருபவையல்ல. மாணவன் தன் மனத்தில் வைத்திருக்கும் ஒரு தவறான முறையை ஒழுங்காகச் செய்வதால் வருபவை என்பது அவர்கள் ஆய்வின் சாரம். முன்னே சொன்ன கழித்தல் பிழை அவற்றுள் மிகவும் பிரசித்தம். நாம் கொடுக்கும் குறுக்கு வழிகள் பலவும் இவ்வாறே பின்னால் வந்து பிள்ளைகளை மோதுகின்றன. பத்தால் பெருக்கினால் ஒரு சுழியத்தைச் சேர்த்துக்கொள் என்கிறோம், பிள்ளை 2.5ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று எழுதுகிறான். வகுத்தால் எண் குறையும் என்கிறோம். 8ஐ அரையால் வகுத்தால் 16 வருவதைப் பார்த்துத் தன்னையே நம்ப மறுக்கிறான்.

பயிற்சியிலிருந்து திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், அந்த வாசகத்தை என் வாயிலிருந்து எடுத்ததுதான். "இருப்பதிலிருந்து எடுக்கிறோம்" என்று சொல்லத் தொடங்கினேன். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்தேன். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. எட்டு உதிரி எடுக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று கேட்டால், ஏழு வயதுப் பிள்ளை தானே ஒரு கட்டை அவிழ்த்துவிடுகிறது. இப்போது நான்கு கட்டு, 12 உதிரி. எட்டு உதிரியும் இரண்டு கட்டும் எடுத்தால் மீதி 24. கடன் வாங்குதல் என்ற சொல்லே அங்கே தேவைப்படுவதில்லை. (யாரிடம் கடன், எப்போது திருப்பிக் கொடுப்பது என்று ஒரு பையன் முன்பு என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான்.)

1998இல் சுங்கை பட்டாணியில் ஒரு திருமண விருந்தில் அந்தத் தாயாரைச் சந்தித்தேன். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்துவிட்டதாகவும், மகள் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும் சொன்னார். நான் நடந்ததை அவரிடம் சொன்னேன். உங்கள் மகளிடம் குறை இல்லை, நான் சொல்லிக் கொடுத்ததில்தான் குறை என்றேன். "அதெல்லாம் யாருக்கு சார் ஞாபகம் இருக்கு" என்று சிரித்தார். இலையில் பாயசம் வரும் வரை பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா அவ இன்னிக்கும் கடையில மீதிக் காச எண்ணிப் பாக்க மாட்டா சார். குடுத்ததை அப்படியே வாங்கிக்குவா" என்றார்.

அதற்கு மேல் எனக்கு அந்த விருந்து இறங்கவில்லை.

அவசரப்படுவதும் என் பிழைகளில் ஒன்று. கேள்வி கேட்ட மறுகணமே "தெரியாதா? அடுத்து!" என்று அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுவேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்த வகுப்புகளில் விடைகள் நீண்டன. "தெரியாது" என்பது குறைந்தது. மனத்துக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீளமான நேரம் என்பது தெரியும்.

2003ஆம் ஆண்டு கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் திட்டம் தொடங்கியது. எங்களுக்கு மடிக்கணினியும் எல்சிடி புரொஜெக்டரும் தந்தார்கள். என் ஆங்கிலம் சுமார்தான். குறுந்தட்டைச் சுழல விட்டுவிட்டு, பிள்ளைகள் கேள்வி கேட்காதிருப்பதையே நல்லொழுக்கமாகக் கருதினேன். 2005இல் ஒரு பையன் ஐஸ் தண்ணீர்க் கண்ணாடிக் குவளையின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தக் கிளாஸ் ஓட்டையா?" என்று தமிழில் கேட்டான். இதைவிட நல்ல அறிவியல் கேள்வி எந்தப் பாடநூலில் உண்டு? காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்து துளியாகிறது என்று ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு உடனே வரவில்லை. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றேன். அடுத்த வாரம் வேறு பாடம் வந்துவிட்டது. அத்திட்டம் கைவிடப்படும் என்று 2009இல் அரசு அறிவித்தது. மொழிக் கொள்கையைப் பற்றி வாதிட இம்மலர் இடமன்று. தமிழில் இரண்டு வாக்கியம் சொல்ல அன்று எவரும் என்னைத் தடுக்கவில்லை. தடுத்தது என் கூச்சம்.

நமது ஞாயிறு வகுப்பு இளைஞர்களுக்கு நான் சொல்லக் கூடிய வழி ஒன்றே. விடை தவறாக இருந்தால் உடனே பிழைக்குறி போடாதீர்கள். "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் சில சமயம் அதையே கேளுங்கள், இல்லாவிட்டால் அக்கேள்வி தண்டனையாகிவிடும். ஒரே பிழை ஐந்தாறு பிள்ளைகளிடம் தென்பட்டால், அவர்களை விட்டுவிட்டு நீங்கள் சென்ற வாரம் சொன்னதை நினைத்துப் பாருங்கள்.

சென்ற மாதம் நமது வகுப்பில் ஒரு சிறுமி 40இலிருந்து 17ஐக் கழித்து 37 என்று எழுதியிருந்தாள். சொல்லிக் கொடுக்கும் தம்பி நோட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். எப்படிச் செய்தாய் அம்மா என்று கேட்டேன். "பெரியதிலிருந்துதானே தாத்தா சின்னதைக் கழிக்கணும்" என்றாள். தம்பி கையிலிருந்த பேனாவை மூடினார். "இரண்டு வாரத்துக்கு முன்னால் நான்தான் ஐயா அப்படிச் சொன்னேன்" என்றார். அலமாரியிலிருந்து குச்சிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, மூவரும் பாயில் உட்கார்ந்தோம்.