வீடியோ நொண்டுகிறதா? குற்றவாளி யார்?

மத்தியான சாப்பாட்டு வேளை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஹைலைட்ஸ் ஒன்றைத் தட்டுகிறீர்கள். பவுலர் ஓடி வருகிறார்... வருகிறார்... வந்துகொண்டே இருக்கிறார். பேட்ஸ்மேன் தூக்கிய மட்டை அந்தரத்தில் நிற்கிறது. காமென்ட்ரி மட்டும் 'சிக்ஸர்!' என்று அலறுகிறது.

உடனே பக்கத்து சீட்டிலிருந்து இலவச ஆலோசனைகள் வரும்.

''நெட் சரியில்லை சார், கம்பெனியை மாத்துங்க!''

''ராம் பத்தாது. இன்னொரு எட்டு ஜி.பி. போட்டுடுங்க.''

''எதுக்குத் தலைவலி? புதுசா ஒண்ணு வாங்கிடுங்க. இ.எம்.ஐ.ல கிடைக்குது.''

மூன்று ஆலோசனைக்கும் ஓர் ஒற்றுமை. மூன்றுமே உங்கள் பர்ஸில்தான் கை வைக்கின்றன! கோளாறு எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கிரிக்கெட் என்றால் போகட்டும், ஸ்கோரைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். குரூப் தேர்வுக்கோ பேங்க் பரீட்சைக்கோ வீடியோ வகுப்பையே நம்பியிருக்கும் பையனுக்கு, இந்த நொண்டல் ஒரு வருஷப் படிப்பையே கெடுத்துவிடும். அவனை நாற்பதாயிரம் கடனில் தள்ளுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் துப்பறிந்து பார்ப்பது புண்ணியம்.

பிளாஷ் என்று ஒருவர் இருந்தார்

முதலில் கொஞ்சம் பழங்கதை. பிரவுசருக்குத் தானாக வீடியோ காட்டத் தெரியாத காலம் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து ஓர் ஆளை உள்ளே குடிவைக்க வேண்டும். அவர் பெயர் 'ப்ளக்-இன்'. ரியல் பிளேயர், குயிக்டைம், சில்வர்லைட் என்று பல பேர் வந்தார்கள். வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டவர் பிளாஷ். 1996-ல் பிறந்தவர், மேக்ரோமீடியா வீட்டில் வளர்ந்து, 2005-ல் அடோபிக்கு சுவீகாரம் போனார். அதே 2005-ல் ஆரம்பித்த யூடியூபும் இவர் தோளில் ஏறித்தான் ஊர்வலம் வந்தது.

பிளாஷுக்கு ஒரு கெட்ட பழக்கம். ரொம்ப நாள் வரைக்கும் வீடியோ வேலை மொத்தத்தையும் ப்ராஸஸர் தலையிலேயே கட்டினார். பக்கத்தில் கிராபிக்ஸ் சிப் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கூப்பிட மாட்டார். கம்ப்யூட்டரின் விசிறி ஹெலிகாப்டர் மாதிரி அலறும். 2010-ல் வந்த 10.1 பதிப்பில்தான் விண்டோஸில் கிராபிக்ஸ் சிப்பை உதவிக்கு அழைக்கக் கற்றுக்கொண்டார். அதற்குள் எச்.டி.எம்.எல்.5 வந்துவிட்டது. பிரவுசர் தானே வீடியோ காட்ட ஆரம்பித்தது. 2015 ஜனவரியில் யூடியூப் கட்சி மாறியது. 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அடோபி கையைக் கழுவியது. 2021 ஜனவரி 12 முதல் பிளாஷே தன் கடையைத் தானே இழுத்து மூடிக்கொண்டது.

இந்தப் புராணம் எதற்கு என்றால், இன்றைக்கும் சில இடங்களில் 'வீடியோ ஓட பிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யவும்' என்று ஒரு பெட்டி துள்ளிக் குதிக்கும். செத்தவர் எப்படி சார் அப்டேட் கேட்பார்? அது உங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்க்கும் திருடன். தொடாமல் மூடிவிடுங்கள்.

வடாம் வியாபாரம்

வீடியோ நொண்டுவதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. ஃபுல் எச்.டி. படம் ஒன்றில் 1,920-ஐ 1,080-ஆல் பெருக்கினால் வரும் 20,73,600 புள்ளிகள் உண்டு. விநாடிக்கு 30 படம் என்றால் ஆறு கோடிப் புள்ளிகளுக்கு மேல். அத்தனையையும் அப்படியே அனுப்பினால் விநாடிக்கு சுமார் 149 கோடி பிட்டுகள்! ஆனால் நெட்பிளிக்ஸ் இந்தத் தரத்துக்குக் கேட்பது 5 எம்.பி.பி.எஸ்., அதாவது 50 லட்சம் பிட்டுகள். கிட்டத்தட்ட 300-ல் ஒரு பங்கு.

எப்படி? வடாம் கதைதான். காயவைத்துச் சுருக்கி அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டு எண்ணெயில் விழுந்ததும் பெரிதாகப் பொரிகிறது. சுருக்கும் முறைக்குப் பெயர் கோடெக். 2003-ல் வந்தது எச்.264. 2013-ல் வி.பி.9. 2018-ல் ஏ.வி.1. புதியது வர வர வடாம் சிறுத்துக்கொண்டே போகிறது. ஆனால் பொரிக்க அதிக சூடு வேண்டும். அதற்கென்று தனி அடுப்பு கிராபிக்ஸ் சிப்பிலேயே இருந்தால் சுகம். ஏ.வி.1-க்கான அடுப்பு, கம்ப்யூட்டர் சிப்புகளில் 2020 வாக்கில்தான் வர ஆரம்பித்தது. அதற்கு முந்தைய மெஷின் என்றால் பாவம், ப்ராஸஸர்தான் தனியாக வேக வேண்டும்.

ஆக, சந்தேகப் பட்டியலில் மூன்று பேர். வடாம் கொண்டுவரும் சைக்கிள்காரர் - உங்கள் நெட். பொரிக்கும் அடுப்பு - உங்கள் மெஷின். நடுவில் புகுந்து ஒவ்வொரு வடாமாக எடுத்துப் பார்க்கும் ஆசாமி - பிரவுசர் எக்ஸ்டென்ஷன்.

கைரேகை எடுங்கள்!

அடையாளத்தைப் பாருங்கள். படமும் சத்தமும் சேர்ந்து நின்று, நடுவில் வட்டம் சுற்றினால், பெரும்பாலும் நெட். சத்தம் ஜோராக ஓடி, படம் மட்டும் தத்தித் தத்தி வந்தால், மெஷின். வீடியோ மட்டுமில்லாமல் பக்கமே நகராமல், டைப் அடித்த எழுத்து அரை நிமிஷம் கழித்து வந்தால், எக்ஸ்டென்ஷன் மேல் ஒரு கண் வையுங்கள்.

ஊர்ஜிதம் செய்ய யூடியூபிலேயே வழி இருக்கிறது. வீடியோ மேல் மவுஸின் வலது பட்டனைத் தட்டி, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மிரள வேண்டாம், மூன்று வரி பார்த்தால் போதும். 'பஃபர் ஹெல்த்' - கையிருப்பு எத்தனை விநாடிக்கு வரும் என்று சொல்லும். அது பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் சைக்கிள்காரர் லேட். கையிருப்பு நிறைய இருந்தும் 'டிராப்டு ஃப்ரேம்ஸ்' எகிறிக்கொண்டே போனால், அடுப்பு சரியில்லை. 'கோடெக்ஸ்' வரியில் ஏ.வி.01 என்று இருந்தால் ஏ.வி.1, ஏ.வி.சி.1 என்று இருந்தால் பழைய எச்.264.

அடுத்து, நடுவிலிருக்கும் ஆசாமி. குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'இன்காக்னிட்டோ' ஜன்னல் திறக்கும். (எதற்கு எதற்கோ பயன்படுத்துகிறீர்கள், இதற்கும் ஒருமுறை பயன்படுத்துங்கள்!) நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய, அங்கே எக்ஸ்டென்ஷன்கள் வேலை செய்யாது. அதே வீடியோ அங்கே வழுக்கிக்கொண்டு ஓடினால், குற்றவாளி பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்தான்.

எந்த எக்ஸ்டென்ஷன்? பன்னிரண்டு இருந்தால் பன்னிரண்டு தடவை சோதிக்க வேண்டாம். பாதியை நிறுத்துங்கள். வீடியோ சரியாகிவிட்டதா? நிறுத்தின ஆறில் ஒன்று. இல்லையா? மற்ற ஆறில் ஒன்று. இப்படிப் பாதி பாதியாகப் போனால் நாலே சுற்றில் ஆள் அகப்படுவார். அதுவும் அலுப்பு என்றால், ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்துங்கள். குரோமின் டாஸ்க் மேனேஜர் வரும். யார் எவ்வளவு ப்ராஸஸரைத் தின்கிறார்கள் என்று பெயர் போட்டு எழுதியிருக்கும்.

தேவையில்லாததைத் தயங்காமல் தூக்கியெறியுங்கள். வேகத்துக்காக மட்டுமல்ல. 'எல்லா வலைத்தளத்திலும் உங்கள் தகவலைப் படிக்க, மாற்ற' அனுமதி வாங்கின எக்ஸ்டென்ஷன், உங்கள் பேங்க் பக்கத்தையும் படிக்கலாம். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று. கம்ப்யூட்டர் நினைவகத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்த நல்ல பிள்ளை, 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020-ல் கை மாறியது. 2021 பிப்ரவரியில், தீங்கு செய்யும் புரோகிராம் இருப்பதாகச் சொல்லி கூகுளே அதை நீக்கிவிட்டது. வாடகைக்கு வைத்த ஆள் ஒருத்தர், குடியிருப்பது இன்னொருத்தர்!

மருந்து

குற்றவாளி மெஷின் என்றால்: குரோம் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய், கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தால் அடுப்பை மூடிவைத்துவிட்டுப் பொரிக்கிறீர்கள் என்று அர்த்தம். ஏற்கெனவே ஆன் ஆகியிருந்து படம் கோடு கோடாக வந்தால், அணைத்துப் பாருங்கள், கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். லேப்டாப்பை பாட்டரி சேவரிலோ, தலையணை மேலோ வைக்காதீர்கள். சூடானால் ப்ராஸஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எதுவும் பலிக்கவில்லையா? தரத்தை 480-க்கு இறக்குங்கள். புள்ளிகள் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். கணக்கு வாத்தியார் போர்டில் எழுதுவதைப் படிக்க 480 தாராளம்.

குற்றவாளி நெட் என்றால்: முதலில் ரௌட்டரிலிருந்து ஒயர் போட்டு இணைத்துப் பாருங்கள். அப்போது ஓடினால், கோளாறு கம்பெனியில் இல்லை, உங்கள் வீட்டு வைஃபையில். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்து வீட்டு ரௌட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் சேர்ந்து கச்சேரி செய்யும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் நிம்மதி, ஆனால் அதற்குச் சுவர் தாண்டும் சக்தி கம்மி. ரௌட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். ஒயர் போட்டும் நொண்டினால் மட்டும் கம்பெனிக்குப் போன் செய்து சண்டை போடுங்கள். அப்போது உங்கள் பக்கம் நியாயம் இருக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் மெஷின்தான் கிழம் என்று தெரிந்தால், தாராளமாகப் புதுசு வாங்குங்கள். காரணம் தெரிந்து செலவழித்த பணம் வலிக்காது. வாங்கும்போது, ''ஏ.வி.1 டீகோடிங் இருக்கா?'' என்று ஒரு கேள்வி போடுங்கள். கடைக்காரர் நிமிர்ந்து உட்காருவார்.

வீடியோ சரியாகிவிட்டது, ஆபீஸ் வேலை ஏன் நொண்டுகிறது என்று மேனேஜர் கேட்டால்? மன்னிக்கவும். அதற்கு எந்த செட்டிங்ஸிலும் பட்டன் கிடையாது!